காலையில் மடங்காத விரல், மாலையில் கோலம் போடுகிறது: முடக்குவாதம் வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றி

கேட்கப்பட்ட கேள்வி இது: "தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். மாமியாருக்கு வயது 56. ஆறேழு மாதமாக இரண்டு கை விரல்களும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கின்றன. மதுரையில் காட்டினோம். முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை கொடுத்தார்கள். அது புற்றுநோய் மருந்து என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து சாப்பிட மறுக்கிறார். காலை ஒன்பது மணி வரை டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாதவர், மாலையில் வாசலில் கோலம் போடுகிறார். வீட்டில் சிலர் நடிப்பு என்கிறார்கள். இவரை நான் எப்படிப் பார்த்துக்கொள்வது?"

அது நடிப்பு இல்லை. வீட்டில் அப்படிச் சொல்பவர்களிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

காலையில் முடங்கிக் கிடப்பதும் பிற்பகலில் தேறுவதும்தான் இந்த நோயின் அடையாளமே. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் பின்னிரவிலும் விடியற்காலையிலும் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகின்றன. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டுக்குள் நீரும் கோத்துக்கொள்கிறது. எழுந்து, நடந்து, விரல்களை மடக்கி நீட்டிய பிறகுதான் அது மெல்ல வடிகிறது. வயதானவர்களுக்கு முழங்கால் தேய்மானத்தால் வரும் விறைப்பு பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரம், சிலருக்கு மூன்று மணி நேரம்கூட நீடிக்கும். மருத்துவர் உங்களிடம் "காலையில் எத்தனை மணிக்குக் கை சரியாகிறது?" என்று கேட்டிருப்பார். நோய் எந்த அளவில் இருக்கிறது என்பதை வீட்டிலேயே அறிய அதைவிட எளிய அளவுகோல் இல்லை.

செவிலியராக அரசு மருத்துவமனையிலும், ஓய்வுக்குப் பிறகு காரைக்குடி வட்டாரத்து வீடுகளிலும் இந்த நோயாளிகளைக் கவனித்திருக்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் இரண்டு விதமாகத் தவறிப்போகிறார்கள். ஒரு பக்கம், "வயசானால் வருவதுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், "ஆச்சி, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். முதலாவது மூட்டைக் கெடுக்கிறது, இரண்டாவது ஆளையே கெடுக்கிறது. நல்ல பராமரிப்பு என்றால், அவர் வேலையை அவரே செய்யும்படி மருந்தையும் நேரத்தையும் வீட்டையும் மாற்றி அமைப்பது என்பேன்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் மருந்தின் மேல் நம்பிக்கை வரும். மூட்டைச் சுற்றி உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அந்தச் சவ்வையே பகையாக எண்ணித் தாக்குகிறது. சவ்வு தடித்து, பூட்டிக் கிடக்கும் பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் அரசங்கன்று வேர்விடுவதுபோலக் குருத்தெலும்பின் மேலும் எலும்புக்குள்ளும் பரவி அரிக்கிறது. விரல் கோணியபின் மருந்தால் அதை நிமிர்த்த முடியாது. அதனால்தான் நோய் தொடங்கிய முதல் சில மாதங்களில் சரியான மருந்து தொடங்குவதை மருத்துவர்கள் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள். உங்கள் மாமியாருக்கு ஆறேழு மாதம் ஆகிறது. இன்னும் காலம் கடந்துவிடவில்லை, ஆனால் தள்ளிப்போடவும் நேரமில்லை.

பெரியவர்களில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உள்ளங்கையோடு விரல் சேரும் கணு, விரலின் நடுக்கணு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி ஆகியவற்றை இரு பக்கமும் ஒன்றுபோலத் தாக்கும். நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்ற இரத்தப் பரிசோதனை சிலருக்கு நோய் இருந்தும் இல்லை என்றே வரும். நோயே இல்லாத முதியவர்களுக்கு இருப்பதாகவும் வரும். ஆகவே அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு யாரும் முடிவு சொல்லக் கூடாது. 'ஆன்டி சி.சி.பி.' பரிசோதனை அதைவிடத் துல்லியமானது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சி எவ்வளவு என்று காட்டுபவை.

இனி அந்த மாத்திரை. மெத்தோட்ரெக்சேட் என்று சீட்டில் எழுதியிருக்கும். உறவினர் சொன்னது பொய் இல்லை. புற்றுநோய்க்கும் அதைக் கொடுக்கிறார்கள், ஆனால் அங்கே கொடுக்கும் அளவு பல மடங்கு அதிகம். முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5 மில்லிகிராமில் தொடங்கி 25 மில்லிகிராம் வரைதான். இந்த அளவில் அது எதிர்ப்பு ஆற்றலின் வேகத்தைத் தணிக்கிறது, அவ்வளவே. உலகம் முழுவதும் முடக்குவாதத்துக்கு முதலில் எழுதப்படும் மருந்து இதுதான். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டிலேயே இந்த நோய்க்கு ஒப்புதல் பெற்றது. இதை உங்கள் மாமியாரிடம் மறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். "அது புற்றுநோய் மருந்தே இல்லை" என்று சமாளித்தால், அடுத்த முறை யாராவது கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டும்போது உங்கள் பேச்சும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

இது வலி மாத்திரை அல்ல. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பலர் நான்கே வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். இடைப்பட்ட காலத்துக்குத்தான் மருத்துவர் வலி மாத்திரையோ சிறிய அளவில் ஸ்டீராய்டோ சேர்த்துத் தருகிறார்.

இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள். தினமும் சாப்பிட்டால் எலும்பு மச்சையைச் செயலிழக்கச் செய்து உயிரையே எடுத்துவிடும். வீட்டில் நடக்கும் மருந்துத் தவறுகளில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். வாய்ப்புண், குமட்டல் போன்ற தொல்லைகளைக் குறைக்க வேறு நாள்களில் சாப்பிடுவது அது. இரண்டுமே பெரும்பாலும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள், மாறிப்போக அது போதும். ஆகவே மெத்தோட்ரெக்சேட் அட்டையைத் தினசரி மாத்திரைப் பெட்டியில் வைக்காதீர்கள். தனி டப்பாவில், பெரிய எழுத்தில் கிழமையை எழுதி, உங்கள் பொறுப்பில் வையுங்கள். உங்கள் ஊர்ச் சந்தை நாளைக் குறித்துக்கொண்டால் யாருக்கும் மறக்காது. விரதம் இருக்கும் கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் குமட்டல் தூக்கத்தோடு போய்விடும். கொடுத்தவுடன் நாள்காட்டித் தாளில் ஒரு கோடு போடுங்கள். மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. தவறுதலாக அடுத்தடுத்த நாள்களில் கொடுத்துவிட்டது தெரிந்தால், அறிகுறி இல்லையென்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முறிமருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பயன்.

மருத்துவர் சொன்ன இடைவெளியில் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடி, நிலைப்பட்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான வழக்கம். காய்ச்சல், வாய்ப்புண், காரணமில்லாத வறட்டு இருமல், மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, உடம்பில் தானாகத் தோன்றும் ரத்தத் திட்டுகள் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த வார மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்று, மருந்துக் கடையில் சிறுநீர்த் தொற்றுக்கு என்று கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் "மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார்" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் கருவுற்றிருந்தாலோ அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ, அந்த மாத்திரையை உடைப்பதும் பொடிப்பதும் வேண்டாம், வேறொருவர் கொடுக்கட்டும். கருவுக்குக் கேடு செய்யும் மருந்து அது.

முடக்குவாதத்துக்கே தரும் இன்னொரு மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சீட்டில் இருந்தால், தொடங்கும்போது ஒருமுறையும் பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் விழித்திரையைக் கண் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மஞ்சள் காமாலை வந்தபோதும் கருவுற்றபோதும் முடக்குவாத நோயாளிகளின் வலி தற்காலிகமாக மறைவதைக் கவனித்தார். உடலுக்குள்ளேயே ஏதோ ஒரு பொருள் இதைச் செய்கிறது என்று தேடிப்போய், 1948இல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஒரு நோயாளிக்குச் செலுத்தினார். படுக்கையில் கிடந்தவர் சில நாள்களில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதிக அளவில் நீண்டநாள் கொடுத்தபோது முகம் உப்பியது, எலும்பு நொறுங்கியது, நிறுத்தியவுடன் நோய் திரும்பியது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் குறைந்த அளவு, குறுகிய காலம் என்ற ஒழுங்கு வந்தது.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் முத்திரையில்லாத பொட்டலத்தில் "மூட்டுவலிப் பொடி" விற்கிறார்கள். சாப்பிட்ட இரண்டாம் நாள் ஆள் துள்ளி எழுந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. இன்னும் சிலவற்றில் ஈயம், பாதரசம் போன்றவையும் இருக்கின்றன. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போவதை நான் தடுப்பதில்லை. இரு மருத்துவர்களுக்கும் இரண்டு சீட்டுகளும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை. முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் அதை மருந்துக்குப் பதிலாக நினைக்க வேண்டாம். மருத்துவரே பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதியிருந்தால், காலை உணவுக்குப் பின் கொடுங்கள். வலி குறைந்துவிட்டது என்று நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தைச் சரிசெய்துவிட்டால் மீதி வேலை வீட்டில்தான். செட்டிநாட்டு வீடு அழகுக்குப் பேர்போனது, ஆனால் மூட்டு நோயாளியை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதல்ல. முகப்பிலிருந்து வளவு என்ற முற்றக் கட்டு, வளவிலிருந்து இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைப்படி. அடுப்படி ஒரு மூலை, குளியலறை கொல்லைப்புறத்தில். ஒரு நாளில் அவர் எத்தனை முறை நிலைப்படி தாண்டுகிறார் என்று ஒருமுறை கூட நடந்து பாருங்கள். படுக்கையைக் குளியலறைக்கு அருகில் உள்ள அறைக்கு மாற்றுவது பத்துப் பைசா செலவில்லாத மருத்துவம். ஆத்தங்குடித் தரைக் கல் ஈரம் பட்டால் வழுக்கும். வளவில் மழைநீர் விழும் முற்றத்தின் ஓரத்திலும் குளியலறை வாசலிலும் ரப்பர் விரிப்புப் போடுங்கள். கழிப்பறையில் உட்காரும் பீங்கான் இல்லையென்றால் அதற்கான நாற்காலி கிடைக்கிறது. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள்.

தேக்குக் கதவையும் அந்தப் பெரிய சாவியையும் திருப்பும் வேலை இனி அவருக்கு வேண்டாம். பொதுவான விதி இதுதான்: விரல் செய்யும் வேலையை உள்ளங்கைக்கும், உள்ளங்கை செய்வதை முன்கைக்கும், முன்கை செய்வதைத் தோளுக்கும் மாற்றுங்கள். பெரிய மூட்டு சுமையைத் தாங்கும், சிறிய மூட்டு தாங்காது. குடத்தை வளையத்தில் பிடித்துத் தூக்காமல் இரு கைகளாலும் மார்போடு அணைத்துத் தூக்கலாம். அதைவிடச் சிறிய பாத்திரத்தில் இரண்டு நடை கொண்டுவருவது மேல். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள், பிடி இறுக்கத் தேவையிருக்காது. திருகும் குழாயை நெம்புகோல் குழாயாக மாற்றுங்கள். துணி பிழிவதும், தேன்குழல் அச்சை அழுத்துவதும், பனையோலைக் கொட்டான் கூடை முடைவதும் விரல் கணுவை நேரடியாகக் கோணச் செய்யும் வேலைகள். மாவு பிசைய, உருட்ட, எடுத்துவைக்க அவர் இருக்கட்டும், அச்சை வேறொருவர் அழுத்தட்டும். பலகாரம் சுடும் நாளில் அவரை அடுப்படிப் பக்கமே விடாமல் வைத்தால், வலியைவிட அதுதான் அவரை அதிகம் நோகடிக்கும். ரவிக்கைக் கொக்கிகளுக்குப் பதிலாக ஒட்டும் பட்டை தைத்துக் கொடுத்தால் காலையில் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

இப்போது மாலைக் கோலத்துக்கு வருகிறேன். பிற்பகலில் கை தேறியதும், காலையில் விட்டுப்போன எல்லா வேலையையும் அவர் அள்ளிப் போட்டுக்கொண்டு செய்வார். யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்ற அவசரம் அது. மறுநாள் காலையில் அதற்கு வட்டி கட்டுவார். நடிப்பு என்ற பேச்சு வீட்டில் நின்றாலே இந்த அவசரம் பாதி குறையும். இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு என்று பிரித்துக் கொடுங்கள். கோலம் போடட்டும், ஆனால் குனிந்து பெரிய கோலம் வேண்டாம். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சிறிய கோலம் போதும். இந்த நோயின் சோர்வு வேறு விதமானது. தூங்கி எழுந்தாலும் போகாது. அழற்சியும், அதனால் வரும் இரத்தசோகையும் அதற்குக் காரணம். "நன்றாகத்தானே தூங்கினீர்கள், அத்தை?" என்று கேட்காதீர்கள்.

காலையை எப்படித் தொடங்குவது? எழுப்பும் முன்பே வெந்நீர் தயாராக இருக்கட்டும். படுக்கையிலேயே விரல்களையும் கணுக்கால்களையும் மெல்ல மடக்கி நீட்டச் செய்யுங்கள். பிறகு தாங்கக்கூடிய சூட்டில் கைகளைப் பத்து நிமிடம் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே விரலை அசைக்கட்டும். காலைக் குளியலும் வெந்நீரில். விறைப்புக்கு வெப்பம். ஆனால் ஒரு மூட்டு சிவந்து, சூடாக வீங்கியிருக்கும் நாளில் அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டி பத்து நிமிடம் வையுங்கள். அன்று அந்த மூட்டுக்குப் பயிற்சியும் கிடையாது, மெதுவான அசைவு மட்டும். நோய் தணிந்த நாள்களில் நடையும், இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுக்கும் தசைப் பயிற்சியும் அவசியம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

முழங்கால் வலிக்கிறது என்று அடியில் தலையணை வைத்துத் தூங்க வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அப்போதைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் அப்படிப் படுத்தால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். தலைக்கும் தாழ்வான தலையணையே நல்லது. கழுத்தின் மேற்பகுதி எலும்புகளை இந்த நோய் தளர்த்தக்கூடும் என்பதால், எண்ணெய் தேய்த்து நீவுபவர்கள் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்க அனுமதிக்கவே கூடாது. எந்த அறுவை சிகிச்சைக்கும் முன் மயக்க மருத்துவரிடம் முடக்குவாதம் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புளி, தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் 'வாய்வு' என்று தள்ளிவைத்து, ரசமும் சோறுமாக மெலிந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காய்கள் இந்த நோயை வளர்ப்பதற்கு உறுதியான சான்று இல்லை. மீன், முட்டை, பருப்பு, கீரை எல்லாம் வேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள் ஓரளவு அழற்சியைத் தணிக்கும். ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் ஊறுகாய், அப்பளம், வற்றலைக் குறையுங்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் யாராவது புகைத்தால் வெளியே போய்ப் புகைக்கச் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் அவருக்கு இருந்தால் அதையும் விட வேண்டும், ஈறு கெடுவது இந்த நோய்க்கு நல்லதல்ல.

சில நேரம் காத்திருக்கவே கூடாது. மற்ற மூட்டுகள் சும்மா இருக்க, ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சூடாகி, தொடவே முடியாதபடி வலித்து, காய்ச்சலும் வந்தால், அதை 'வழக்கமான வாதம்' என்று விடாதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அன்றே போங்கள். கண் சிவந்து ஆழமாக வலிப்பது, நெஞ்சுவலி, மலம் கறுப்பாகப் போவது, கைகால் திடீரென மரத்து வலுவிழப்பது ஆகியவையும் அப்படித்தான். இந்த நோயாளிகளுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் நெஞ்சுவலியை வாய்வு என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் கொடுத்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். இந்த ஆண்டு போகலாமா என்று அவர் நிச்சயம் கேட்பார். நோய் அடங்காத நிலையில் நெடுநடை வேண்டாம் என்பேன். ஆனால் "உங்களால் முடியாது" என்று முடித்துவிடாமல், ஊர் எல்லை வரை நடந்து வண்டியில் ஏறிக்கொள்வது, கடைசியில் சிறிது தொலைவு மட்டும் நடப்பது என்று வழி சொல்லுங்கள். நோய் முழுதாகத் தணிந்து, பழைய நடைக்குத் திரும்பியவர்களும் உண்டு. சிகிச்சையின் இலக்கே அதுதான். மெத்தோட்ரெக்சேட் போதாவிட்டால் வேறு மாத்திரைகளைச் சேர்க்கலாம், உயிரியல் ஊசி மருந்துகளும் இருக்கின்றன. அந்த ஊசிகளுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் செய்வார்கள். உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோய் அந்த மருந்தால் விழித்துக்கொள்ளும்.

அடுத்த முறை மதுரைக்குப் போகும் முன் ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: காலையில் கை எத்தனை மணிக்குத் தளர்ந்தது, எந்தெந்த மூட்டு வீங்கியிருந்தது, மாத்திரை கொடுத்த கிழமை, இடையில் வாங்கிச் சாப்பிட்ட வேறு மருந்துகள். முடிந்தால் காலை ஏழு மணிக்கு அவர் கையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பஸ் ஏறி மருத்துவர் அறைக்குள் நுழையும்போது பகலாகிவிடும், வீக்கம் வடிந்து கை கிட்டத்தட்டச் சரியாகத்தான் தெரியும். தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் இவருக்குத் தேவைப்படும், உயிருள்ள கிருமி கொண்டவற்றைக் கேட்காமல் போடக் கூடாது. விறைப்பு நேரம் மூன்று மாதத்தில் பாதிகூடக் குறையவில்லையென்றால், மருந்தை மாற்ற வேண்டுமா என்று நீங்களே கேட்கலாம். தயங்க வேண்டியதில்லை.